மேல்கைக்கு ஒரு பித்தளைத் தகடு

வலது கை அரத்தைத் தள்ளியது. இடது கை எஃகுத் துண்டைப் பிடித்திருந்தது. திரும்பி வரும்போது அரம் எஃகைத் தொடக்கூடாது. தொட்டால் முனை மழுங்கும். ஆறு தள்ளலுக்கு ஒருமுறை கைகள் நின்றன. துண்டின் முக்கோண முனையை இடது கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து, அழுத்தாமல் இழுத்துப் பார்த்தன. நகத்தில் ஒரு வெள்ளைக் கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அறுபடாமல் விழவேண்டும். நடுவில் அறுந்தது. கைகள் மறுபடி அரத்தை எடுத்தன.

அந்த எஃகுத் துண்டுக்குக் கத்தி என்று பெயர். எவ்வளவு பெரிய தராசாக இருந்தாலும் அதன் கோல் முழுவதும் இந்தக் கத்தியின் மேல்தான் உட்கார்ந்து ஆடும். முனையில் ஒரு மயிரளவு மழுக்கம் இருந்தால் தொண்ணூறு கிலோவில் நூறு கிராம் காணாமல் போகும். ஹயாத் பாஷா அதைக் காலையிலிருந்து தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. எண்பத்து நான்காம் வருஷம், ஆடி மாதம். தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கும் மோட்டார் வைண்டிங் கடைக்கும் நடுவே எட்டடிக்குப் பத்தடிக் கடை அவருடையது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பா கவுஸ் பாஷாவோடு சந்தை சந்தையாகப் போனவர். காரிமங்கலம், பாலக்கோடு, மாரண்டஹள்ளி என்று வாரத்தில் ஆறு நாளும் ஏதாவது ஓர் ஊரில் சந்தை கூடும். அப்பாவும் மகனும் புளியமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தால், வியாபாரிகள் முள் சாய்ந்த தராசையும் தேய்ந்த எடைக்கல்லையும் கொண்டுவந்து போடுவார்கள். கல்லில் ஈயம் ஊற்றுவது, கோலை நிமிர்த்துவது, வருஷத்துக்கொரு தரம் முத்திரைக்குத் தயார் செய்வது எல்லாம் அங்கே பழகியதுதான். வேலையில் அப்பா அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒன்றுதான் பேசுவார்: “தராசு ஆளப் பாத்துப் பேசக்கூடாதுடா. நீ நின்னாலும் அதே எடை, உன் விரோதி நின்னாலும் அதே எடை. இல்லன்னா அது தராசு இல்ல, வெறும் இரும்பு.”

மின்சார வேலையை ஹயாத் பாஷாவுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பக்கத்து வைண்டிங் கடையில் மத்தியானங்களில் போய் உட்கார்ந்து, எரிந்துபோன மோட்டார்களின் செம்புக் கம்பியைப் பிரித்துக் கொடுத்தார். அப்படியே இரண்டு வருஷம் போனது. கூலி வாங்கவில்லை. “இவருக்கு ஷாக் அடிச்சா இவரு கையை எடுக்கமாட்டாரு, எத்தன வோல்ட்டுன்னு யோசிச்சிட்டு இருப்பாரு” என்று கடைக்காரர் சவுரியப்பன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அரூர் சாலையில் சேகோ பேக்டரி வைத்திருந்த சென்னப்பன் அவரைத் தேடி வந்தது சித்திரையில். குச்சிக்கிழங்கை அரைத்து, பால் இறக்கி, மாவைக் குலுக்கி ஜவ்வரிசி உருண்டையாக்கி, வறுத்து, களத்தில் காயவைத்து, தொண்ணூறு கிலோ மூட்டையாக வடக்கே அனுப்பும் பேக்டரி அது. வறுவல் வரைக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மோட்டார் வந்துவிட்டது. கடைசி வேலையான எடைபோடுதல் மட்டும் கையில் நடந்தது.

“பாய், மூட்டை போடறதுக்கு ஒரு மிஷின் வேணும். கை படக்கூடாது” என்றார் சென்னப்பன்.

“பம்பாய்ல கெடைக்குமேங்க.”

“கெடைக்கும். பேக்டரிய வித்துப்புட்டுதான் வாங்கணும். நீங்க பண்ணுங்க. உங்க கல்லுல ஒரு கிராம் தப்புன்னு இந்த ஜில்லாவுல எவனும் சொன்னதில்ல.”

இந்தச் சொல் ஹயாத் பாஷாவை வீழ்த்திவிட்டது. மறுநாளே பஸ் ஏறி பேக்டரிக்குப் போனார்.

எடைபோடும் கொட்டகையில் இரண்டு தராசு. தராசுக்கு இரண்டு பெண்கள். நால்வருக்கும் மூத்தவள் பெரியம்மாள். பதினோரு வருஷமாக அந்த இடத்தில் நிற்பவள். அவள் புருஷன் அதே பேக்டரியில் மூட்டை தூக்கி, முதுகெலும்பு பிசகி, நான்கு வருஷமாக வீட்டோடு கிடந்தான். இவள் நின்றால்தான் அங்கே அடுப்பு எரியும். ஹயாத் பாஷா அரைநாள் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் முறத்தால் வேகவேகமாகக் கொட்டினாள். முள் அசைந்ததும் முறத்தைச் சாய்த்துச் சிந்தவிட்டாள். முள் நேராக நின்றது. நின்ற பிறகு, இரண்டு கையையும் குவித்து ஓர் அள்ளு அள்ளி மூட்டையில் போட்டாள். அதற்கு அங்கே மேல்கை என்று பெயர்.

ஹயாத் பாஷாவுக்கு அது கண்ணில் தூசி விழுந்ததுபோல் உறுத்தியது.

“முள்ளு நின்னாச்சி. அப்பறம் எதுக்கும்மா?”

“சாமிக்குங்க” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அப்புறம் அவளே சொன்னாள்: “காஞ்சிபோயிடும் பாய். போற ஊருக்குப் போறதுக்குள்ள கொறஞ்சிடும்.”

“கட்டித் தெச்ச மூட்டைக்குள்ள இருக்கறது எங்கம்மா போவும்?”

“எங்க போவுதுன்னு எனக்கெப்பிடித் தெரியும்? போவுது.”

சென்னப்பனின் கணக்கு வேறு. “ஒரு நாளைக்கி முந்நூறு மூட்டை. மூட்டைக்கி ஒரு கை, ரெண்டு கைன்னு போட்டா, தெனம் ஒரு முழு மூட்டைய நான் சும்மா ஏத்தி அனுப்பறேன் பாய். சொன்னா இந்தப் பொம்பளைங்க கேக்க மாட்டேங்குது. மிஷினுக்கு மேல்கை இருக்காதுல்ல?”

“இருக்காதுங்க” என்றார் ஹயாத் பாஷா. அதில் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மிஷின் செய்ய ஆறு மாதம் பிடித்தது. பெங்களூர்ப் பழைய இரும்புக் கடைகளில் தேடி, கழித்துப்போட்ட நூற்பு மிஷின்களிலிருந்து விரல் பட்டால் ‘டிக்’ என்று விழும் சிறு சுவிட்சுகளையும் மின்காந்தங்களையும் வாங்கிவந்தார். மேலே ஒரு தகரத் தொட்டி. அதன் அடியில் பெரிய வாய் ஒன்று, சின்ன வாய் ஒன்று. கீழே தராசுக் கோலில் தொங்கும் வாளி. பொத்தானை அமுக்கினால் இரண்டு வாயும் திறந்து ஜவ்வரிசி கொட்டும். எண்பத்தாறு கிலோவில் கோல் அசையும். ஒரு சுவிட்சு விழுந்து பெரிய வாய் மூடும். சின்ன வாயிலிருந்து சிந்திச் சிந்தி, கோல் நேராக நிற்கும்போது அடுத்த சுவிட்சு விழுந்து அதுவும் மூடும். முதலில் கொட்டிப் பிறகு சிந்துவது பெரியம்மாளின் முறத்தில் அவர் பார்த்ததுதான்.

வாய் மூடிய பிறகும் தொட்டிக்கும் வாளிக்கும் நடுவே காற்றில் கொஞ்சம் ஜவ்வரிசி இருக்கும். அது எவ்வளவு என்று பிடிப்பதற்கே அவருக்குப் பதினாறு நாள் ஆயிற்று. நூற்று நாற்பது கிராம். அதைக் கழித்து சுவிட்சை முன்னால் நகர்த்தினார். கரண்டு போனால் என்ன செய்வது? காந்தம்தான் மூடியைத் திறந்து பிடித்திருக்கும்படி வைத்தார்; கரண்டு நின்றால் மூடி தன் கனத்திலேயே விழுந்து அடைத்துக்கொள்ளும். அந்த வருஷம் கரண்டு இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். மூடி ஒருதரம்கூடத் தவறவில்லை.

ஐப்பசியில் மிஷினைக் கொட்டகையில் நிறுத்தினார்கள். தேங்காய் உடைத்தார்கள். முதல் மூட்டை தொண்ணூறு, இரண்டாவது தொண்ணூறு. பத்தாவது மூட்டையில் இருபது கிராம் கூட இருந்தது. அதற்கு ஹயாத் பாஷா வெட்கப்பட்டார். அந்தச் சனிக்கிழமையே நான்கு பெண்களையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர்கள் என்ன ஆவார்கள் என்று அவர் கேட்கவில்லை. தராசைப் பற்றி மட்டும் கேட்டுப் பழகியவர் அவர்.

கார்த்திகையில் வடக்கிலிருந்து கடிதம் வந்தது. இறங்கிய மூட்டை எல்லாம் அரைகிலோவுக்கு மேல் குறைவு, ஒன்று பாக்கியில்லை. சரக்கைத் திருப்பி அனுப்புகிறோம் என்றிருந்தது. சென்னப்பன் ஆளனுப்பி ஹயாத் பாஷாவை வரவழைத்தார்.

“ஜில்லாவுல ஒருத்தனும் சொன்னதில்லன்னு நான் சொன்னன். இப்ப ஊர் தாண்டிப் போயி சொல்றான், பாருங்க!”

ஹயாத் பாஷா முத்திரையிட்ட இருபது கிலோக் கற்கள் நான்கையும் பத்து கிலோக் கல்லையும் அடுக்கிக் காட்டினார். மிஷின் சரியாக இருந்தது. “அப்ப அவன் பொய் சொல்றானா?” என்றார் சென்னப்பன். ஒரு மூட்டையைப் போட்டு, தைத்து, கொட்டகை ஓரத்தில் நிறுத்தினார் ஹயாத் பாஷா. தினமும் பஸ்ஸில் வந்து அதை எடைபோட்டார். மறுநாள் தொண்ணூறு கிராம் குறைவு. மூன்றாம் நாள் இருநூறு. பத்தாம் நாள் அறுநூற்று முப்பது. மூட்டையில் ஓட்டை இல்லை, எலி இல்லை. மழைக்காலக் களத்தில் காய்ந்தும் காயாமலும் ஏறிய ஜவ்வரிசி, சாக்கின் கண் வழியாகத் தன் ஈரத்தை விட்டுக்கொண்டிருந்தது. அந்த அறுநூற்று முப்பது கிராமைத்தான் பெரியம்மாள் பதினோரு வருஷமாகக் கையால் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளைத் தேடிக்கொண்டு போனார். அடுத்த ஊர் ஏரிக்கரைக் காட்டில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு கையும் செம்மண். இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“என்னங்க பாய், மிஷினுக்கு ஒடம்பு சரியில்லியா?”

“மிஷின் சரிம்மா. நான்தான் சரியில்ல. நீ சொன்னது நெசம், காஞ்சி போவுது.”

“சொன்னனில்ல.”

“எத்தன கை போடணும், என்னைக்கிப் போடணும்? அத எனக்குச் சொல்லணும் நீ.”

அவள் கொடியை உதறிக் காயைப் பறித்தாள். இன்னொரு கொடி, அதற்கடுத்தது ஒன்று. அப்புறம் நிமிர்ந்தாள். “சொன்னா எனக்கு என்ன?”

ஹயாத் பாஷா சென்னப்பனிடம் முன்பே பேசியிருந்தார். மிஷினுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கவேண்டும், பொத்தானை அமுக்கி, மேல்கையைப் பார்த்து வைக்கவேண்டும், அது அந்தம்மாவாகவே இருக்கட்டும் என்று கேட்டார். “அதுக்கென்ன, வெச்சிக்கிறேன்” என்றிருந்தார் சென்னப்பன். அதைச் சொன்னார்.

“மத்த மூணு பேரு?”

“ஒரு மிஷினுக்கு ஒரு ஆளுதாம்மா.”

“யாரு வாக்கு இது? மொதலாளி வாக்கா, உங்க வாக்கா?”

“என் வாக்கு” என்றார் ஹயாத் பாஷா. சொல்லும்போது மனதறிந்துதான் சொன்னார்.

அவள் மறுநாள் வந்தாள். முதல் வேலையாக அவர் அவள் கையை அளந்தார். இருபது தரம் அள்ளச் சொல்லி இருபதையும் தனித்தனியாக நிறுத்தார். இருநூற்றுப் பத்து, இருநூற்று எட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பத்து. அவரிடம் இருந்த தராசுகளில் பாதி அவள் கை அளவுக்குச் சரியில்லை. “என்ன பாய், என் கைக்கு முத்திரை குத்தப் போறீங்களா?” என்றாள் அவள்.

எத்தனை கை என்பதை அவள் கண்ணால் முடிவு செய்யவில்லை. காலையில் குவியலுக்குள் முழங்கைவரை கையை நுழைப்பாள். உள்ளே கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். பிறகு ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பாள். ‘கடக்’ என்று உடைந்தால் ஒன்று. இழுத்து உடைந்தால் இரண்டு. பல்லில் ஒட்டினால் மூன்று. சித்திரை வெயிலில் ஒன்றுக்கு மேல் கிடையாது. ஹயாத் பாஷா தராசுக் கோலுக்குப் பக்கவாட்டில் இன்னொரு சின்னக் கோல் பொருத்தி, அதில் ஒரு குண்டை நகர்த்தும்படி வைத்தார். குண்டை ஓரிடம் நகர்த்தினால் மிஷின் இருநூற்றுப் பத்து கிராம் கூடுதலாகக் கொட்டும். அவள் “மூணு” என்று சொன்னால் குண்டை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிக்கொள்வாள். வடக்கிலிருந்து வந்த கடிதங்கள் நின்றன.

இதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் அந்தச் சின்னக் கோலில் கோடு இல்லை. குண்டு எங்கே நிற்கவேண்டும் என்பது அவள் விரலுக்குத்தான் தெரியும். கோடில்லாத கோலைத் தன் கையால் செய்து ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ஹயாத் பாஷாவால் தூங்கமுடியவில்லை. முதலில் மூன்று கோடு வெட்டினார். கோடு போட்டால் போதுமா? எந்தக் கோடு என்பதை இன்னும் ஒருத்தியின் பல் அல்லவா சொல்லிக்கொண்டிருக்கிறது! அவளுக்குக் காய்ச்சல் வந்தால்? பல் விழுந்தால்? ஆளைப் பார்த்துப் பேசும் தராசு அல்லவா அது?

தினமும் அவள் கடித்த குவியலிலிருந்தே ஒரு கிலோவை மூடிபோட்ட டப்பாவில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

“தெனம் ஒரு டப்பா போவுதே, பாயம்மா பாயசம் வெக்கறாங்களா?” என்றாள் பெரியம்மாள்.

“இல்லம்மா. ஈரம் பாக்கறதுக்கு.”

“அதான் நான் பாக்கறனே.”

டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

வீட்டில் மனைவி அமீருன்னிசாவின் அடுப்பை அவர் பிடித்துக்கொண்டார். இரும்புத் தட்டில் மணல் பரப்பி, அதன்மேல் இன்னொரு தட்டில் ஜவ்வரிசியைப் பரத்தி, இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம். பிறகு நிறுத்தால் எவ்வளவு ஈரம் போயிருக்கிறது என்று தெரியும். பெரியம்மாள் ஒன்று என்று சொன்ன நாளில் கிலோவுக்கு நூற்றிருபது கிராம் குறைந்தது. இரண்டு என்ற நாளில் நூற்றிருபத்து மூன்று. மூன்று என்றால் நூற்றிருபத்தைந்து. கார்த்திகையிலிருந்து மாசிவரை எழுபத்தொரு நாள் பார்த்தார். இரண்டே நாள்தான் அவள் பல்லும் இவர் அடுப்பும் ஒத்துப்போகவில்லை. அந்த இரண்டு நாளும் டப்பாவின் மூடி சரியாக அடைக்காதிருந்ததைப் பிறகு கண்டுபிடித்தார்.

பங்குனியில், ஒரு சாண் நீளப் பித்தளைத் தகட்டை எடுத்து அந்த எண்களை வெட்ட உட்கார்ந்தார். இடது பக்கம் கிராம். வலது பக்கம் எத்தனையாவது கோடு. ஒவ்வொரு எண்ணையும் உளியால் கொத்தி, கொத்திய குழியில் கறுப்பு அரக்கு இழைத்தார். அமீருன்னிசா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எண் படிக்கத் தெரியும்.

“ஏங்க, இது அந்தம்மா சொல்றதுதானே?”

“ஆமா.”

“அப்ப இத மாட்டிட்டா அந்தம்மா என்னத்தச் சொல்லுவாங்க?”

உளி நின்றது. “மொதலாளி வெச்சிக்கிறேன்னாரு. நான் வாக்குக் குடுத்திருக்கறன்.”

“வாக்குக் குடுத்த ஆளு ஏன் தகடு வெட்டறீங்க? அது அந்தம்மா வாயில இருக்கட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?”

“ஒரு ஆளு இல்லன்னா நிக்கற தராச நான் எப்பிடிக் குடுக்கறது? நாளைக்கி அது தப்பாப் போட்டா பேரு எனக்குத்தானே?”

“பேரு உங்களுக்குத்தாங்க” என்றாள் அமீருன்னிசா. “சோறு அந்தம்மாவுக்கு.” சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஹயாத் பாஷா உளியைக் கீழே வைத்தார். நூற்றிருபத்து மூன்றில் கடைசி எண்ணின் வளைவு பாதியில் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அரைகுறை மூன்று இரண்டு மாதிரித் தெரிந்தது. யாராவது அதை இரண்டு என்று படித்தால் மூட்டைக்கு எவ்வளவு தவறும் என்று மனது தானாகக் கணக்குப் போட்டது. உளியை எடுத்து வளைவை முடித்தார்.

ஒப்படைக்கிற நாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே சென்னப்பன் தன் மைத்துனன் மாதப்பனைக் கொட்டகைக்கு வரச் சொல்லியிருந்தார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாகச் சட்டை கசங்காமல் திரிந்த பையன். ஹயாத் பாஷா வந்ததும், ஒரு கிலோ ஜவ்வரிசியைத் தட்டில் காயப்போடும் விதத்தை அவனிடம் காட்டினார் – யாருக்காவது காட்டத்தானே வேண்டும் என்று அப்போது நினைத்தார். பெரியம்மாள் மிஷினுக்குப் பக்கத்தில் எண்ணெய்த் துணியோடு நின்றாள். அன்றைக்குத் துவைத்த சேலை கட்டியிருந்தாள்.

தட்டு காய்கிற இரண்டு மணி நேரத்தில் அவர் தகட்டைப் பொருத்தினார். நான்கு திருகாணி. நான்காவதைத் திருகும்போது கை தயங்கியதா என்று பிற்காலத்தில் அவர் பலமுறை தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். தயங்கவில்லை. தகடு கோணாமல் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

மாதப்பன் தட்டிலிருந்ததை நிறுத்தான். “நூத்தி இருவது கொறஞ்சிருக்குது.”

சென்னப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தகட்டருகே குனிந்து விரலை வைத்துத் தேடினார். “நூத்தி இருவது… ஒண்ணு. ஏம்மா, நீ சொல்லு பாக்கலாம், இன்னைக்கி எத்தன?”

பெரியம்மாள் குவியலில் கையை நுழைத்தாள். ஒரு மணியைக் கடித்தாள். “ஒண்ணுங்க.”

“சபாஷ்!” சென்னப்பன் தொடையைத் தட்டினார். “பாய், உங்க தகடும் அந்தம்மா பல்லும் ஒண்ணாவே பேசுது! மாதப்பா, பாத்தியா? குண்ட ஒண்ணாம் கோட்டுக்குத் தள்ளு. அமுக்கு பொத்தான.”

ஜவ்வரிசி கொட்டியது, சிந்தியது, நின்றது. மூட்டையை வேறு தராசில் போட்டார்கள். தொண்ணூறு கிலோ இருநூற்றுப் பத்து. இன்னொரு மூட்டை. அதே எடை.

“அவ்ளோதான?” என்றான் மாதப்பன். “இதுல என்ன இருக்குது மாமா, தட்டக் காயவெச்சி தகட்டப் பாத்தாப் போதும்.”

“அப்ப நீயே நில்லு” என்றார் சென்னப்பன்.

அந்த மூன்று சொல் முடிந்ததும் கொட்டகையில் முதலில் புரிந்துகொண்டவள் பெரியம்மாள். துணியை மெல்ல மடித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் ஹயாத் பாஷா சென்னப்பன் பக்கம் திரும்பினார்.

“மொதலாளி, அந்தம்மாவ வெச்சிக்கிறன்னு சொன்னீங்க. நான் வாக்குக் குடுத்துத்தான் கூட்டியாந்தன்.”

“சொன்னங்க. இல்லன்னு சொல்லல.” சென்னப்பன் கோபப்படவில்லை, பொறுமையாகவே பேசினார். “மிஷினுக்கு அந்தம்மா தேவைன்னீங்க, சொன்னன். தேவை இல்லன்னு நீங்கதானே இப்ப பண்ணிக் குடுத்திருக்கீங்க? தகடு நானா வெட்டுனன்?”

ஹயாத் பாஷாவின் வாழ்நாளில் எத்தனையோ வியாபாரிகள் எடையில் பொய் சொல்லி அவரிடம் மாட்டியிருக்கிறார்கள். இந்த மனுஷன் சொன்னதில் ஒரு கிராம் பொய் இல்லை. தகட்டைக் கழற்றிவிடலாமா? திருப்புளி மேல்சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் மாதப்பன் அதற்குள் ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து, தகட்டிலிருந்த எண்களை அட்டையின் உள்பக்கம் எழுதிக்கொண்டிருந்தான்.

“களத்துல கூட்டிப் பெருக்க வேணா வரட்டும்” என்றார் சென்னப்பன். “ஏம்மா?”

பெரியம்மாள் மடித்த துணியை மிஷினின் கால்மேல் வைத்துவிட்டு, ஹயாத் பாஷா பக்கம் திரும்பினாள். சத்தம் போடுவாள், ஏசுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். ஏசினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

“எழுபது நாளுங்க பாய்” என்றாள். “டப்பா எதுக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியாதா? நடுவுல பத்து நாளு மாத்திச் சொல்லியிருந்தா உங்க அடுப்பு என்ன கண்டுச்சி? ஒண்ணுன்னா மூணு, மூணுன்னா ஒண்ணு. நாக்கு நுனிவரைக்கும் வந்துதுங்க.” நிறுத்தினாள். “வரல. பொய் எடை சொல்லிப் பழக்கமில்ல.”

அவள் போய்விட்டாள். களத்தைத் தாண்டி, காயும் ஜவ்வரிசியை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து, கேட்டை அடைந்து, வெளியே போனாள். ஹயாத் பாஷா அந்த ஓரநடையை முடிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாய், மிச்சம் எதாச்சும் இருக்குதா? எனக்கு சேலம் போவணும்” என்றார் சென்னப்பன்.

மிச்சம் இருந்தது. ஒப்படைக்கும்போது சொல்லவேண்டியவற்றைச் சொல்லாமல் வருவது அவர் வழக்கமில்லை. மாதப்பனை அருகே கூப்பிட்டார். தொட்டியின் மூடிகளுக்கு வாரம் ஒருதரம் எண்ணெய் விடவேண்டும், கத்திமுனைக்கு மட்டும் ஒருநாளும் விடக்கூடாது, எண்ணெய் தூசியைப் பிடிக்கும், தூசி எடையைத் தின்னும் என்றார். வாளிக்கு அடியில் விழுகிற ஜவ்வரிசியை ஒவ்வொரு மணிக்கும் கூட்டவேண்டும் என்றார். டப்பாவின் மூடி இறுகலாக இருக்கவேண்டும், இல்லையென்றால் ஈரம் முன்னாலேயே போய்விடும், கணக்குத் தப்பும் என்றார். குரல் சாதாரணமாகவே இருந்தது. அவன் “சரிங்க, சரிங்க” என்றான்.

குண்டும் சின்னக் கோலும் இருந்த பெட்டிக்குக் கண்டவர் கை வைக்காமல் இருக்க ஒரு பூட்டுப் போட்டிருந்தார். இரண்டு சாவி. ஒன்றை சென்னப்பனிடம் நீட்டினார். அவர் பார்க்காமலே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மற்றது மிஷினில் நிற்கிற ஆளுக்கு. இடுப்பில் செருகிக்கொள்ள வாகாக அதில் ஒரு கறுப்புக் கயிறு கோத்து, முடிச்சும் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

மாதப்பன் கையை நீட்டினான்.

முதலில் பூட்டைத் திறந்து, மறுபடி பூட்டி, சாவி சரியாகத் திரும்புகிறதா என்று பார்த்தார் ஹயாத் பாஷா. திரும்பியது. கயிறோடு சேர்த்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.